ராத்திரியில் வந்து பழத்தைக் குத்தும் அந்துப்பூச்சி: வேலியில் இருக்கும் சீந்தில் கொடியை வெட்ட வேண்டுமா?

ஆயக்குடி_தோப்பு

எங்கள் தோப்பு பழனி பக்கத்து ஆயக்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. கொய்யாதான் முக்கியப் பயிர், ஓரத்தில் சாத்துக்குடியும் கொஞ்சம் மாதுளையும் உண்டு. பழம் நிறம் மாறத் தொடங்கியதும் தினமும் காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிறது. தோலில் குண்டூசியால் குத்தியது மாதிரி ஒரே ஒரு ஓட்டை. ஒரு நாள் கழித்து அதைச் சுற்றிப் பழுப்பு வளையம் வந்து, தொட்டால் அந்த இடம் மட்டும் அமுங்குகிறது. சாத்துக்குடியை லேசாக அழுத்தினால் ஓட்டை வழியாகச் சாறு பீச்சி அடிக்கிறது.

மருந்துக்கடையில் கேட்டால் பழ ஈ என்று சொல்லி இனக்கவர்ச்சிப் பொறியும் தெளிக்க ஒரு மருந்தும் கொடுத்தார்கள். பொறியில் ஈ விழுகிறது, ஆனால் பழம் உதிர்வது நிற்கவில்லை. பக்கத்துத் தோப்புப் பெரியவர் இது ஈ இல்லை, ராத்திரி வரும் பெரிய விட்டில் என்கிறார். ஓட்டை விழுந்த பழத்தை வியாபாரி தொடவே மாட்டேன் என்கிறார். இது என்ன பூச்சி, எந்த மருந்துக்கு அடங்கும், யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

பூச்சிநோட்டு

உங்கள் பக்கத்துத் தோப்புப் பெரியவர் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய ஒரு எளிய வழி: ஓட்டை விழுந்த பழங்களில் அதிகம் அழுகாததாகச் சிலவற்றை எடுத்து அந்த ஓட்டையின் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. புழுவோடு எச்சமும் பின்னிய நூலும் வெளியே தள்ளியிருந்தால் காய்த் துளைப்பான். புழுவே இல்லாமல், தோலுக்கு அடியில் சதை சாறு வற்றிப் பஞ்சாக இருந்தால் அது பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி.

மாதுளையில் இன்னொரு குழப்பமும் வரும். அங்கே காயைத் துளைப்பது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு, அது உள்ளேயே இருந்து விதையைத் தின்னும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அறுத்துப் பார்த்ததும், இருட்டிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு தோப்புக்குள் மெதுவாக ஒரு சுற்றுப் போய்வாருங்கள். 8 மணியிலிருந்து 11 மணிக்குள் போனால் நல்லது.

ஆயக்குடி_தோப்பு

அறுத்துப் பார்த்தேன், எதிலும் புழு இல்லை. நேற்று ராத்திரி தம்பியோடு போனேன். டார்ச் அடித்ததும் இலைகளுக்கு நடுவே செக்கச் சிவந்த இரண்டு புள்ளிகள் மின்னின, கிட்டப் போனால் அது பூச்சியின் கண். உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. இறக்கையை மடக்கி உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த இலை என்றுதான் நினைக்கத் தோன்றும், பழுப்பும் லேசான பச்சையும் கலந்த நிறம். கை நீட்டியதும் இறக்கையை விரித்தது, உள் இறக்கை முழுக்க ஆரஞ்சு, ஓரத்தில் கருப்புப் பட்டை. அது பறந்து போன பழத்தில் சாறு வடிந்துகொண்டிருந்தது. ஒரே பழத்தில் பெரியது ஒன்றும் சுற்றி சின்னச் சின்ன அந்துகளும் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன்.

பகலில் தேடினால் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கே போகின்றன?

பூச்சிநோட்டு

இனி சந்தேகமே இல்லை, இது பழம் துளைக்கும் அந்துப் பேரினமான யூடோசிமா. பழைய புத்தகங்களில் ஓத்ரீஸ் என்று இருக்கும். நம் நாட்டில் முக்கியமாக மூன்று இனங்கள்: மெட்டர்னா, ஃபலோனியா, ஹோமீனா. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை இந்தக் கூட்டம் பரவியிருக்கிறது. ஆரஞ்சு, சாத்துக்குடி, மாதுளை, கொய்யா, திராட்சை, மா, லிச்சி, பப்பாளி, தக்காளி என்று எதையும் விடாது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பொதுவாகப் பயிரைத் தின்பது அந்துப்பூச்சியின் புழுதான், வளர்ந்த பூச்சி பூந்தேன் குடித்துவிட்டுப் போய்விடும். இங்கே அப்படியே தலைகீழ். புழு உங்கள் பழத்தை ஏறிட்டும் பார்க்காது, கெடுப்பது வளர்ந்த பூச்சி, அதுவும் ஆண் பெண் இரண்டுமே. மற்ற அந்துகளின் உறிஞ்சுகுழல் மெல்லியது. இதற்கு நுனி கெட்டியாக இருக்கும், அதில் முள்ளும் கொக்கியும் உண்டு. குழலின் இரண்டு பாதிகளும் மாறி மாறி முன்னும் பின்னும் நகர்ந்து தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். சாத்துக்குடித் தோலின் தடிமனெல்லாம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நீங்கள் பார்த்த சின்ன அந்துகளில் பலவற்றுக்குத் தாமாகத் துளைக்க முடியாது, பெரியது போட்ட ஓட்டையில் வந்து குடிக்கின்றன. பிறகு அதே ஓட்டை வழியாகப் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைந்து புளிக்க ஆரம்பிக்கும், பழம் உதிரும். குத்துப்பட்ட அன்றே பறித்துக் கூடையில் போட்டால் வெளியே அடையாளம் தெரியாது, சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் அழுகி, கூடவே இருக்கும் பழத்தையும் கெடுத்துவிடும். வியாபாரி பயப்படுவது அதற்காகத்தான்.

பகலில் அவை உங்கள் தோப்பில் இருப்பதில்லை. மலையடிவாரத்துப் புதர், ஓடைக்கரை, அடர்ந்த வேலி இவற்றில் காய்ந்த இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இருட்டியதும் பழுத்த வாசனையைப் பிடித்து வரும், குடித்துவிட்டுத் திரும்பிவிடும்.

கரிசல்_மாதுளை

அண்ணே, மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். பகலில் மரத்தில் தெளிக்கும்போது இந்தப் பூச்சி தோப்பிலேயே இல்லை. ராத்திரி வந்தாலும் இலையைத் தின்னாது, தோலைக் கடிக்காது, குழலை நேராக உள்ளே விட்டுச் சாற்றை எடுக்கும். தோல் மேல் கிடக்கும் மருந்து அதன் வயிற்றுக்குள் எப்படிப் போகும்? செத்தாலும் அதற்குள் பழத்தில் ஓட்டை விழுந்திருக்கும். நாளைக்குப் புதுப் பூச்சி காட்டிலிருந்து வரும்.

இதைவிட முக்கியம், பழம் பழுத்துப் பறிக்கப்போகும் நேரத்தில்தான் இது வருகிறது. அந்த நேரத்தில் அடிக்கிற மருந்து அப்படியே தின்பவர்கள் வயிற்றுக்குப் போகிறது. எங்கள் பக்கம் மாதுளைக்காரர்கள் சிலர் பயத்தில் வாரத்துக்கு ஒன்று என்று மருந்தை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள், பார்த்தால் வயிறு எரிகிறது. தெளிப்பானைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

ஆயக்குடி_தோப்பு

அப்படியானால் புழு எதைத் தின்கிறது? அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் பூச்சியே வராதே.

பூச்சிநோட்டு

சீந்தில் கொடி. அப்புறம் கட்டுக்கொடி, வட்டத்திருப்பி என்று அதே குடும்பத்துக் கொடிகள். உங்கள் வேலியிலும் ஓடைக்கரையிலும் நிச்சயம் இருக்கும், போய்ப் பாருங்கள்.

தாய் அந்து இலைக்கு அடியில் முட்டை வைக்கும், தனித்தனியாகவும் வைக்கும், கூட்டமாகவும் வைக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும், புழுப் பருவம் ஏறத்தாழ மூன்று வாரம், பிறகு கொடியின் இலைகளையே நூலால் சேர்த்துக் கட்டி உள்ளே கூட்டுப்புழுவாக இருக்கும். மழை பெய்து கொடி தளிர்த்தால் ஒரு மாதம் சொச்சத்தில் அடுத்த தலைமுறை தயார். மழைக்குப் பின் பழுக்கும் பழத்தில் சேதம் கூடுவதற்கு இதுதான் காரணம்.

புழுவைக் கண்டால் மறக்க மாட்டீர்கள். காவடிப்புழு வகை, கரும்பழுப்பு நிறம், வெல்வெட் போன்ற உடல். வயிற்றுப் பகுதியில் பக்கத்துக்கு இரண்டு கண் வடிவப் புள்ளிகள், வெள்ளையும் ஆரஞ்சும் நீலமுமாக வளையம் போட்டு இருக்கும். குச்சியால் தொட்டால் தலையைக் கீழே மடக்கி, முதுகை வளைத்து, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும், அப்போது அந்தக் கண்கள் நம்மை முறைக்கும். குருவிகளை மிரட்டத்தான்.

மூலிகைமுற்றம்

இடையில் வருவதற்கு மன்னியுங்கள், சீந்திலை வெட்டச் சொல்லிவிடுவீர்கள் என்ற பயத்தில் எழுதுகிறேன். சித்த மருத்துவத்தில் சீந்திலுக்கு இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். சீந்தில் சர்க்கரை (தண்டை இடித்து எடுக்கும் மருந்து மாவு) எடுப்பது முதிர்ந்த கொடியிலிருந்து, விரல் கனம்கூட இல்லாத இளங்கொடியில் ஒன்றும் கிடைக்காது. எங்கள் ஊரில் வேப்பமரத்தில் ஏறிய பழைய கொடியைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பொக்லைன் வைத்து வேலியை எல்லாம் வழித்துக் கம்பி வேலி போட்ட பிறகு ஏற்கெனவே பாதி போய்விட்டது. இப்போது பழத்துக்கு எதிரி என்று பெயர் வாங்கிக் கொடுத்தால் மிச்சமும் போய்விடும். ஒரு கொடி போனால் அதை நம்பி இருக்கும் எத்தனையோ பூச்சியும் பறவையும் போகும். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

கரிசல்_மாதுளை

அக்கா, உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் ஒரு வருட உழைப்பு ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே விழுவதைப் பார்க்கிறவன் வயிற்றையும் நினைக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே தோட்டத்தைச் சுற்றியுள்ள சீந்திலை அழிக்கச் சொல்லித்தான் இருக்கிறது. தோப்புக்குள்ளும் வேலியிலும் இருப்பதை எடுத்தே ஆக வேண்டும் என்பேன்.

வெட்டுவதாக இருந்தால் ஒழுங்காக வெட்ட வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். அடியில் ஒரு வெட்டு வெட்டி மேலே மரத்தில் தொங்கவிட்டுப் போனால் அது சாகாது. தொங்குகிற தண்டிலிருந்து மெல்லிய விழுது ஒன்று இறங்கி, நாளுக்கு நாள் நீண்டு, தரையைத் தொட்டு வேர் விட்டு மறுபடி தளிர்த்துவிடும். வேரோடு தோண்டி, மேலே இருப்பதையும் இழுத்துக் காயப்போட வேண்டும்.

பூச்சிநோட்டு

இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் இடத்தைப் பொறுத்து. சுற்றிலும் வயலும் ஊருமாக இருந்து நடுவில் தோப்பு இருந்தால், வேலியில் இருக்கும் நாலைந்து கொடியை எடுப்பதில் பலன் தெரியும். ஆயக்குடி நண்பருடையது மலையடிவாரம். அந்துப்பூச்சி நல்ல பலமாகப் பறக்கும், காட்டுக்குள் இருக்கும் கொடியையெல்லாம் யாரும் வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. அங்கே வேலியை மட்டும் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

என் யோசனை இது. தோப்புக்குள்ளும் ஒட்டிய வேலியிலும் இருக்கும் இளங்கொடியை எடுத்துவிடலாம். பழைய முதிர்ந்த கொடி இருந்தால் அதை வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்து முட்டையையும் புழுவையும் பொறுக்கலாம். புழு பெரியது, தேட ரொம்ப நேரம் ஆகாது. அந்தக் கொடிமேல் மட்டும் மருந்து அடித்துவிடாதீர்கள். இந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அழிக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவுக் குளவிகள் உண்டு, டெலினோமஸ், ஊயென்சிர்ட்டஸ் என்று. பசிபிக் தீவுகளில் இந்த அந்தின் தொல்லை தாங்காமல் 1980-களின் பிற்பகுதியில் பப்புவா நியூகினியிலிருந்து இந்தக் குளவிகளைக் கொண்டுபோய் சமோவா போன்ற தீவுகளில் விட்டார்கள். அவர்கள் கடல் தாண்டிக் கொண்டுபோனது நமக்கு வேலியிலேயே இருக்கிறது, அதை நாமே கொல்லக் கூடாது.

யாழ்_வளவு

வணக்கம். எங்கட பக்கமும் மாதுளை, தோடை, கொய்யா எல்லாத்திலையும் இந்தப் பிரச்சினை இருக்கு. எனக்கொரு கேள்வி. எங்கட வேலிகளில் கிளுவையோட முள்முருக்கும் நிறைய நிக்குது, அதில சீந்திலும் படர்ந்திருக்கும். பசிபிக் தீவுகளில முள்முருக்கு இலையையும் இந்தப் புழு தின்னும் எண்டு எங்கேயோ வாசிச்ச ஞாபகம். அப்ப முள்முருக்கையும் தறிக்க வேணுமோ? ஆட்டுக்குக் குழை அதுதான்.

பூச்சிநோட்டு

நீங்கள் வாசித்தது சரி, ஃபலோனியா பசிபிக் தீவுகளில் முள்முருக்கில் வளர்கிறது. ஆனால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதன் புழுவுக்கு உணவு சீந்தில் குடும்பக் கொடிகள்தான். ஆகவே முள்முருக்கைத் தறிக்க வேண்டாம், ஆட்டுக் குழைக்கு நிற்கட்டும். அதில் ஏறியிருக்கும் சீந்திலின் இலையை மட்டும் திருப்பிப் பாருங்கள்.

வாடிப்பட்டி_செல்வி

எங்கள் வீட்டில் ஒரு சந்தேகம். இவ்வளவு கெட்டியான தோலையே துளைக்கும் என்றால் பிள்ளைகளைக் கடிக்காதா? வீட்டுக் கொல்லையில் கொய்யா மரம் இருக்கிறது, பிள்ளைகள் ராத்திரி அங்கேதான் விளையாடுகிறார்கள்.

பூச்சிநோட்டு

பயப்பட வேண்டாம் அக்கா, யூடோசிமா மனிதர்களைக் கடிக்காது. இதன் உறவுக் கூட்டத்தில் கலிப்ட்ரா என்ற ஒரு பேரினம் உண்டு, அதில் சில இனங்களின் ஆண் அந்துகள் விலங்குகளின் தோலைத் துளைத்து ரத்தம் குடிக்கும். ஹான்ஸ் பென்சிகர் என்ற ஆய்வாளர் 1960-களில் மலாயாவில் அதைக் கண்டு எழுதினார். பழம் துளைக்கிற குழல்தான் அங்கே ரத்தம் குடிக்கும் குழலாக மாறியது என்று கருதுகிறார்கள். உங்கள் கொய்யாவுக்கு வருவது அது இல்லை.

திராட்சைக்கொடி

விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பக்கம் விளக்குப்பொறி வைத்தார்கள், வேறு பூச்சியெல்லாம் விழுந்தது, இது விழவில்லை.

பூச்சிநோட்டு

இந்த அந்து விளக்குப்பொறியைத் தேடி அதிகம் வராது, அதனால் அது வீண் செலவு. ஜப்பானில் விளக்கை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். பேரி, பீச் தோட்டங்களில் ராத்திரி முழுக்க மஞ்சள் விளக்கு எரிய விடுவார்கள், பூச்சியைப் பிடிப்பதற்கு இல்லை. வெளிச்சம் பட்டதும் அந்தின் கண் பகல் நிலைக்கு மாறிவிடும், பகல் என்று நினைத்துப் பறக்காமல், குத்தாமல் உட்கார்ந்துவிடும். நிழல் விழாதபடி மரம் முழுக்க வெளிச்சம் பட வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். இலை அடர்ந்த கொய்யாத் தோப்பில் அதற்கு எத்தனை விளக்கு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பந்தல் திராட்சைக்குச் சோதித்துப் பார்க்கலாம்.

கரிசல்_மாதுளை

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், பழத்துக்குப் பை கட்டுவதுதான் நிச்சயமான வழி. நான் மாதுளைக்கு அதைத்தான் செய்கிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லிச்சித் தோட்டங்களுக்கு மொத்தமாக வலையே போட்டுவிடுகிறார்கள், வௌவாலுக்கும் இந்த அந்துக்கும் சேர்த்து. நமக்கு அவ்வளவு முதலீடு கட்டுப்படியாகாது, பை கட்டுப்படியாகும்.

கட்டுவதில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. பை பழத்தின் தோலோடு ஒட்டி இருக்கக் கூடாது. மெல்லிய துணிப்பையைப் பழம் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் துணியோடு சேர்த்தே குத்திவிடும், என் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். பழம் பெருத்த பிறகும் சுற்றிலும் இரண்டு விரல் இடம் இருக்கிற மாதிரிப் பெரிய பையாக வாங்குங்கள். பாலித்தீன் என்றால் அடியில் ஓட்டை போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் நின்று பழம் வெந்துவிடும். நெய்யாத துணிப் பை வெயிலுக்கும் நல்லது, பத்திரமாகக் கழற்றினால் அடுத்த காய்ப்புக்கும் வரும். காம்பில் கட்டும்போது இடைவெளி விடாமல் இறுக்க வேண்டும், காம்பு நசுங்கவும் கூடாது.

காசு அதிகம் போவது பைக்கு இல்லை, கூலிக்குத்தான். மரத்தைக் கவாத்து செய்து கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருந்தால் பெண்கள் நின்றபடியே மளமளவென்று கட்டிவிடுவார்கள். ஏணி போட்டால் கட்டுப்படியாகாது.

ஆயக்குடி_தோப்பு

கொய்யா மரங்கள் கவாத்து செய்து குட்டையாகத்தான் இருக்கின்றன, பை கட்டலாம். சாத்துக்குடி உயரம், எண்ணிக்கையும் அதிகம். அதைக் கொஞ்சம் முன்கூட்டியே பறித்துவிட்டால் தப்பிக்கலாமா?

பூச்சிநோட்டு

கொய்யா என்றால் நிறம் மாறத் தொடங்கியதும் பறித்துவிடலாம், பறித்த பிறகும் பழுக்கும். சாத்துக்குடி அப்படி இல்லை, மரத்தில் ஏறாத இனிப்பு பறித்த பிறகு ஏறாது. முன்னாலேயே பறித்தால் புளிக்கிறது என்று விலையைக் குறைப்பார்கள். அதற்கு வேறு வழிதான்.

முதலில் உதிர்ந்த பழத்தைத் தினமும் பொறுக்கிக் குழியில் போட்டு மண் மூடுங்கள். மரத்தடியில் புளிக்கிற பழம்தான் தூரத்தில் இருக்கும் அந்தை வாசனை காட்டிக் கூப்பிடுகிறது. இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தும் புண்ணியமில்லை. ஊடுபயிராகத் தக்காளி போடாதீர்கள், அதையும் குடிக்க வரும்.

மாலையில் இருட்டுவதற்குச் சற்று முன்பு காற்று வரும் திசையில் ஈரச் சருகு, வேப்பிலை போட்டு மூட்டம் போடலாம். புகை நிற்கும் வரைதான் பலன், பழம் பழுக்கும் சில வாரங்களுக்கு விடாமல் போட வேண்டும். சின்னத் தோப்புக்கு இது கைகொடுக்கும்.

நச்சு உணவும் பரிந்துரையில் இருக்கிறது, புளித்த வெல்லப்பாகில் லிட்டருக்கு 1 மில்லி மாலத்தியான் 50 ஈசி என்ற பூச்சிக்கொல்லி கலந்து அகன்ற சட்டியில் ஊற்றித் தோப்பு ஓரத்தில் வைப்பது. மாலையில் வைத்தால் விடிவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ வந்து விழும், ஆடு மாடு வாய் வைக்கும். பிள்ளைகள் நடமாடும் இடமென்றால் வேண்டவே வேண்டாம். மரத்தில் பழுத்த பழத்தோடு போட்டி போட்டுத்தான் இது இழுக்க வேண்டும் என்பதால் ரொம்பவும் நம்பியிருக்கவும் முடியாது.

டார்ச்சும் கைவலையும் கொண்டு பிடிப்பதைச் சொன்னால் சிலர் மலைப்பார்கள், ஆனால் குடிக்கும்போது அது அவ்வளவு சீக்கிரம் பறக்காது. சாத்துக்குடி வரிசைகளில் ராத்திரி இரண்டு பேர் போனால் நிறையவே பிடிக்கலாம்.

மூலிகைமுற்றம்

ஆயக்குடித் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். வேலியில் எடுக்கிற கொடியில் விரல் கனத்துக்கு மேல் இருப்பவற்றைக் கொளுத்திவிடாதீர்கள். இலையை உருவிப் புழு, முட்டை இல்லாமல் பார்த்து, தண்டை மட்டும் முழ நீளத் துண்டுகளாக நறுக்கி வையுங்கள். பழனியில் நாட்டு மருந்துக்கடைகளில் கேட்டுப் பாருங்கள், வாங்குவார்கள். கொஞ்சம் துண்டு எனக்கும் வேண்டும், எங்கள் பக்கம் பழத்தோப்பே கிடையாது, வேப்பமரத்தில் ஏற்றிவிடுகிறேன்.

ஆயக்குடி_தோப்பு

இன்று காலையில் வேலியைச் சுற்றி வந்தேன் அக்கா. கிணற்று மேட்டு வேம்பில் என் தாத்தா காலத்துக் கொடி ஒன்று கை மொத்தத்துக்கு ஏறியிருக்கிறது. அதில் இலையைத் திருப்பினால் பூச்சிநோட்டு சொன்ன அதே கண் வைத்த புழு, ஒரே கிளையில் வரிசையாக. பொறுக்கி எடுத்துவிட்டேன், கொடியை விட்டுவிட்டேன். வேலியில் இருக்கும் சின்னக் கொடிகளை வருகிற வாரம் ஆள் வைத்துத் தோண்டப் போகிறோம், துண்டுகளை உங்களுக்கு எடுத்து வைக்கிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

கொய்யாவுக்குப் பை கட்ட ஆரம்பிக்கிறோம். எந்த அளவுக் காயில் கட்ட வேண்டும் என்று மட்டும் கரிசல் அண்ணன் சொல்லிவிட்டால் நாளைக்கே பை வாங்கிவிடுவேன்.

கரிசல்_மாதுளை

நாட்டு எலுமிச்சை அளவு வந்ததும் கட்டிவிடுங்கள் தம்பி. அப்போதே கட்டினால் பழ ஈயையும் சேர்த்துத் தடுத்துவிடலாம். பூ உதிர்ந்து ஒட்டியிருக்கும் சருகைக் கையால் தட்டிவிட்டு, மாவுப்பூச்சி இல்லாத காயாகப் பார்த்துக் கட்டுங்கள், உள்ளே ஒன்று அடைபட்டுவிட்டால் பைக்குள்ளேயே பெருகிவிடும். இப்போது நிறம் மாறிய பழத்துக்குக் கட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள், அதைப் பறித்துவிடுங்கள், அடுத்து வருகிற காய்க்குக் கட்டுங்கள்.